இரண்டு லிட்டருக்குள் எந்த விஸ்கி?

தை பிறந்ததும் என் மச்சினன் சிங்கப்பூரிலிருந்து வருகிறான். "அத்தான், என்ன வாங்கிட்டு வரட்டும்? ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறான். வெளிநாட்டிலிருந்து வரும் ஒருவர் சுங்க வரி கட்டாமல் கொண்டுவரக்கூடிய மது மொத்தம் 2 லிட்டர். ஒரு லிட்டர் பாட்டில் என்றால் இரண்டு. 700 மில்லி பாட்டில் என்றாலும் இரண்டுதான். மூன்று எடுத்தால் 2,100 மில்லி ஆகிவிடும்; அந்த 100 மில்லிக்காகத் திருச்சியில் இறங்கியதும் சுங்க மேசையில் நிற்க வேண்டும். ஆக, கையில் இருப்பது இரண்டே இடம். அந்த இரண்டு இடத்துக்கு ஒன்பது பாட்டில் போட்டி போடுகின்றன. போன வருடம் முழுக்க நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்து ருசித்த ஒன்பது.

நாங்கள் நான்கு பேர் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முடிவு அதைப் பொறுத்தது. நான் கும்பகோணம். இன்னொருவர் மன்னார்குடிப் பக்கம் அரிசி ஆலை வைத்திருக்கிறார். மூன்றாமவர் திருவாரூரில் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் சார். நான்காமவர் காரைக்காலில் அரசலாற்றுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறார். வயதில் மூத்தவர், அண்ணன். அவருடைய மகன் பிரான்சில் இருக்கிறார். காரைக்காலில் அப்படிப்பட்ட குடும்பங்கள் நிறைய. ஸ்காட்லாந்து பாட்டில்கள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவை. இந்தியப் பாட்டில்களைக் காரைக்காலிலேயே வாங்கினோம்.

மாதம் ஒருமுறை, சனிக்கிழமை இரவு, அண்ணன் வீட்டு மொட்டை மாடி. ஆளுக்கு 20 மில்லி வீதம் மூன்று ஊற்று, மொத்தம் 60 மில்லி, அதோடு சரி. பஸ்ஸிலோ ரயிலிலோ போய், இரவு அங்கேயே தங்கி, காலையில் காபி குடித்துவிட்டுக் கிளம்புவோம். வண்டி எடுப்பதில்லை. காரைக்காலில் வாங்கியதை வாஞ்சூர் சோதனைச் சாவடி தாண்டிக் கொண்டு வருவதும் இல்லை. அது சட்டப்படி குற்றம். பாட்டில்கள் எல்லாம் அண்ணன் வீட்டு அலமாரியிலேயே இருக்கும். குடியால் நொடித்துப்போன குடும்பங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஒரே மூச்சில் குவார்ட்டரை முடித்துவிட்டு எழுந்து போகிற குடிக்கும், 20 மில்லியை அரை மணி நேரம் மோந்து பார்ப்பதற்கும் நடுவில் உள்ள வித்தியாசம் எங்களுக்கு முக்கியம். குடிக்காதவர் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஒவ்வொரு பாட்டிலுக்கும் மதிப்பெண் போட்டுக்கொண்டு வந்தோம். ஊற்றுபவர் ஒருவர் மட்டும் பெயரைப் பார்ப்பார். மற்ற மூவருக்கும் எண்தான் தெரியும். வருடக் கடைசியில் நோட்டையும் அலமாரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. அதிக மதிப்பெண் வாங்கிய பாட்டில் முக்கால்வாசி அப்படியே இருந்தது. நோட்டில் மூன்றாவதாக இருந்த பாட்டில் எட்டாவது மாதமே காலி. ருசித்துப் பார்த்து "ஆகா" என்று சொல்வது ஒன்று; மூன்றாவது ஊற்றுக்குத் தானாகக் கை போவது வேறொன்று. மச்சினனுக்கு என்ன சொல்வது என்று யோசித்தபோது, நான் நோட்டைவிட அலமாரியைத்தான் நம்பினேன்.

காலியான அந்தப் பாட்டில் பெங்களூருவின் அம்ருத் ஃப்யூஷன்.

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அம்ருத் நிறுவனம் 1948-ல் தொடங்கியது. அவர்கள் தங்கள் சிங்கிள் மால்ட்டை, அதாவது ஒரே ஆலையில் முளைகட்டிய பார்லியிலிருந்து மட்டும் செய்த விஸ்கியை, முதலில் விற்பனைக்கு வைத்தது 2004-ல், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில். விஸ்கி பிறந்த ஊருக்கே போய் விற்ற துணிச்சல் அது. ஃப்யூஷன் 2009-ல் வந்தது. நான்கில் மூன்று பங்கு இந்திய பார்லி, ஒரு பங்கு ஸ்காட்லாந்திலிருந்து வரும் புகையூட்டிய பார்லி. வலிமை, அதாவது சாராய அளவு, 50 சதவீதம்.

மோந்தால் முதலில் வருவது புகை அல்ல. பாகு பதம் வந்த வெல்லம். அப்புறம் ஆரஞ்சுத் தோல், கொஞ்சம் சாக்லேட். விழுங்கிய பிறகுதான் புகை, அதுவும் அறுவடை முடிந்த வயலில் தூரத்தில் வைக்கோல் எரிவதைப் போல மெல்லியதாக. எங்கள் நால்வருக்கும் அந்த மணம் சின்ன வயதிலிருந்தே தெரியும். அதனால்தான் மூன்றாவது ஊற்றுக்குக் கை அதன் பக்கம் போனது என்று நினைக்கிறேன்.

பீப்பாயில் எத்தனை வருடம் கிடந்தது என்ற வயது இதில் எழுதியிருக்காது. 12, 16 என்று எண் பார்த்து வாங்கிப் பழகியவர்களுக்கு அது ஒரு குறை. ஆனால் அந்த எண்ணை ஊருக்கு ஊர் ஒப்பிட முடியாது. மரப்பீப்பாயில் கிடக்கும் விஸ்கி ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஸ்காட்லாந்தில் வருடத்துக்கு 2 சதவீத அளவில் போகும். பெங்களூருவில் 10 முதல் 12 சதவீதம். தேவதைகளின் பங்கு என்று அதற்குப் பெயர். அம்ருத் எட்டு வருடம் வைத்து வெளியிட்ட ஒரு விஸ்கிக்குப் பேராசைக்காரத் தேவதைகள் என்ற பொருளில் கிரீடி ஏஞ்சல்ஸ் என்று பெயர் வைத்தார்கள். மன்னார்குடி நண்பருக்கு இதை விளக்கவே தேவையில்லை. களத்தில் காயப்போட்ட நெல் எடை குறைவதை நாள்தோறும் பார்க்கிறவர். "பன்னெண்டு வருஷம் இங்க வச்சிருந்தா பீப்பாய்தான் மிஞ்சும்" என்றார். வெப்பத்தில் மரமும் சாராயமும் வேகமாகக் கலந்து வேலை செய்கின்றன. அங்கே பத்து, பன்னிரண்டு வருடத்தில் வருகிற மரவாசம் இங்கே நான்கைந்து வருடத்தில் வந்துவிடுகிறது. அதனால் வயது இல்லை என்பதற்காக ஓர் இந்திய மால்ட்டைத் தள்ளிவிடாதீர்கள்.

50 சதவீதம் என்று பயப்படவும் வேண்டாம். 20 மில்லியில் 5 மில்லி தண்ணீர் சேர்த்தால் 40 சதவீதத்துக்கு வந்துவிடும். ஒரு தேக்கரண்டி தண்ணீர், அவ்வளவுதான். சேர்த்ததும் ஆரஞ்சு வாசனை நன்றாகத் திறக்கிறது. கடலோரத்துப் போர்த் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள். காரைக்காலில் ஒருமுறை அதைச் செய்து, உப்புக் கரிப்பில் ஒரு நல்ல ஊற்று வீணானது. காய்ச்சி ஆறவைத்த நல்ல தண்ணீர் போதும்.

அதே அலமாரியில் இரண்டு இந்தியப் பாட்டில்கள் இன்னும் உண்டு. கோவாவின் பால் ஜான் ப்ரில்லியன்ஸ் 46 சதவீதம், புகை இல்லாதது. தேனும் ஏலக்காய்த் தூளும் தூவிய கேசரி மாதிரி இருக்கிறது. குறை சொல்ல எதுவுமில்லை. சித்திரை வெயிலில் நாங்கள் விரும்பிக் குடித்தது இது ஒன்றைத்தான். ஹரியானாவின் இந்த்ரி ட்ரினி 2021-ல் வந்தது, அதுவும் 46. பர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாய், பிரெஞ்சு ஒயின் பீப்பாய், ஷெர்ரி என்ற ஸ்பெயின் ஒயின் பீப்பாய் என்று மூன்றிலிருந்து கலக்கிறார்கள். வாசனை பிரமாதம். வாயில் மரத்தின் துவர்ப்பு எனக்குக் கொஞ்சம் தூக்கலாகப் பட்டது. சாருக்கு அதுதான் பிடித்தது, கொட்டைப்பாக்கு மென்றது போல இருக்கிறது என்றார்.

மூன்றும் நல்லவை. மூன்றையும் மச்சினன் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். இங்கே கிடைப்பதைச் சிங்கப்பூரிலிருந்து சுமந்து வர வேண்டியதில்லை. ஸ்காட்லாந்து விஸ்கிக்கு இந்தியா விதித்துவந்த சுங்க வரி 150 சதவீதம். 2025 ஜூலையில் கையெழுத்தான பிரிட்டன் ஒப்பந்தப்படி அது முதலில் 75 ஆகவும், பத்து வருடத்தில் 40 ஆகவும் இறங்க வேண்டும். அதற்கு மேல் மாநில வரிகள் இருக்கத்தான் செய்யும். வரி இல்லாமல் வருகிற அந்த 2 லிட்டரை வரி அதிகமுள்ள சரக்குக்கே கொடுப்பதுதான் நியாயம். ஃப்யூஷன் தீர்ந்துபோனால் காரைக்காலில் அடுத்தது வாங்கிக்கொள்ளலாம்.

மீதி ஆறு. எல்லாம் ஸ்காட்லாந்து.

கிளென்லிவெட் 12-ஐயும் பால்வெனி டபுள்வுட் 12-ஐயும் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். இரண்டும் 40 சதவீதம், இரண்டும் மென்மை. கிளென்லிவெட் 1824-ல் உரிமம் வாங்கி நடக்கும் பழைய ஆலை. பச்சை ஆப்பிள், அன்னாசி, கொஞ்சம் தேன். பால்வெனி பர்பன் பீப்பாயில் கிடந்துவிட்டுக் கடைசி ஒன்பது மாதம் ஷெர்ரி பீப்பாய்க்கு மாறுகிறது. அதனால் லவங்கப்பட்டையும் உலர் திராட்சையும் லேசாக வருகின்றன. மார்கழி இரவில் பால்வெனி அழகு. ஆனால் எங்கள் ஊர் வெக்கையில், பக்கத்தில் இறால் வறுவல் இருக்கும்போது, 40 சதவீத விஸ்கி காணாமல் போய்விடுகிறது. கிளென்லிவெட்டை எண் மட்டும் போட்டு ஊற்றியபோது மூன்று பேரும் "நல்லாருக்கு" என்றார்கள், ஒருவரும் மறுபடி கேட்கவில்லை. இரண்டு இடம்தான் இருக்கும்போது இவற்றுக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

46 என்ற எண்ணுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அதற்குக் கீழே வலிமை குறைத்த விஸ்கி குளிர்ந்தால் கலங்கும். கடையில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காகக் குளிர்வித்து வடிகட்டி விடுகிறார்கள். அதில் வாயில் வழவழப்பைத் தருகிற எண்ணெய்ச் சத்தும் கொஞ்சம் போய்விடுகிறது. 46-ம் அதற்கு மேலும் வைப்பவர்கள் பலர் அப்படி வடிகட்டுவதில்லை. ஆடியில் ஓர் இரவு, ஆறில் ஒன்றான ஆர்ட்பெக்கில் ஐஸ் போட்டதும் அது மங்கலாகிவிட்டது. மன்னார்குடி நண்பர் "இது போலிச் சரக்கு, கீழ ஊத்துங்க" என்று எழுந்தேவிட்டார். சார் விளக்கிச் சொல்லி உட்கார வைத்தார். கலங்கினால் அது கெட்டுப்போனதும் இல்லை, கலப்படமும் இல்லை.

சரி, புகைக்கு வருவோம். முடிவு எடுப்பதில் தலைவலி இங்கேதான்.

விஸ்கிக்குப் புகை எங்கிருந்து வருகிறது என்பது நெல் விதைக்கிறவர்களுக்கு எளிதாகப் புரியும். விதைநெல்லைச் சாக்கில் கட்டித் தண்ணீரில் ஊறப்போட்டு, எடுத்து வைத்து, வெள்ளை முளை எட்டிப் பார்த்ததும் நாற்றங்காலில் தெளிக்கிறோம். பார்லியையும் அதேபோல ஊறவைத்து முளைகட்டுகிறார்கள். முளை வந்தால்தான் மாவுச்சத்து சர்க்கரையாக மாறத் தொடங்கும். அந்தப் பக்குவத்தில் தெளிக்காமல், சூடுகாட்டி முளையை நிறுத்திவிடுகிறார்கள். அதுதான் மால்ட். ஸ்காட்லாந்துத் தீவுகளில் விறகு குறைவு. சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான வருடமாகப் பாசியும் செடிகளும் மக்கிப் படிந்த கரிய மண் உண்டு, பீட் என்பார்கள். அதைச் செங்கல் செங்கலாக வெட்டிக் காயவைத்து எரித்தால் வரும் புகை ஈரப் பார்லியின் தோலில் ஏறிக்கொள்கிறது. சார் மொழியில் சொன்னால் அது ஃபீனால் குடும்பம்: குவாயகால் விறகுப் புகை வாசனை தரும், கிரசால் ஆஸ்பத்திரி வாசனை தரும்.

ஐலா தீவின் தெற்குக் கரையில் லாஃப்ராய்க், லாகவுலின், ஆர்ட்பெக் மூன்று ஆலைகளும் ஒரே சாலையில் வரிசையாக இருக்கின்றன. முதல் ஆலையிலிருந்து மூன்றாவதற்கு, கும்பகோணத்திலிருந்து தாராசுரம் போகிற தூரம்தான். அந்தத் தூரத்துக்குள் அவ்வளவு வித்தியாசம்! எங்களிடம் பின்னால் உள்ள இரண்டும் இருந்தன.

ஆர்ட்பெக் 10, 46 சதவீதம். பார்லியில் ஏறும் ஃபீனால் 55 பிபிஎம் அளவு, அதாவது பத்து லட்சத்தில் 55 பங்கு. லாகவுலினுக்கு 35 பக்கம். வெளிர் மஞ்சள் நிறம்தான், ஆனால் மூக்கை வைத்ததும் தாரும் எலுமிச்சையும் புகையும் ஒன்றாக வருகின்றன. நாகப்பட்டினம் துறைமுகத்தில் படகுக்குத் தார் பூசுகிற இடத்தில் நின்று எலுமிச்சை பிழிந்த மாதிரி. 1980-களில் இந்த ஆலை பல வருடம் மூடிக் கிடந்தது, 1997-ல் கை மாறிய பிறகுதான் நிமிர்ந்தது. அந்த ஆலை அப்படியே போயிருந்தால் என்ன இழப்பு என்று ஒவ்வொரு முறை மோந்து பார்க்கும்போதும் நினைத்துக்கொள்வேன். எனக்கு உயிர். அண்ணனுக்கு ஆகவே ஆகாது. "டிஞ்சர் குடிக்கிற மாதிரி இருக்குப்பா" என்று ஒவ்வொரு தடவையும் கிளாஸைத் தள்ளி வைத்துவிடுவார். மாடியும் அவருடையது, அலமாரியும் அவருடையது. நான்கில் ஒருவர் தொடாத பாட்டிலுக்கு ஓர் இடம் ஒதுக்க முடியாது.

லாகவுலின் 16 தான் நோட்டில் முதலிடம். நான்கு பேரில் மூன்று பேர் அதை உச்சத்தில் வைத்திருக்கிறோம். 43 சதவீதம். ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை மாலையில் பிடித்த மழை நிற்கவேயில்லை. மாடியில் உட்கார முடியாமல் கீழே முன்கட்டில் உட்கார்ந்திருந்தோம். மின்சாரம் இல்லை. அந்த இருட்டில் குடித்த லாகவுலினை நான் மறக்க மாட்டேன். கொட்டில் மாட்டுக்கு மூட்டம் போட்ட புகை, உள்ளே கருப்பட்டி, அத்திப்பழம், கடைசியில் நனைந்த கயிற்றின் வாசனை. விழுங்கி ஐந்து நிமிடம் கழித்தும் அது தொண்டையில் நின்றது. நால்வரும் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

ஆனாலும் 700-ல் 500 மில்லி இன்னும் இருக்கிறது. ஏனென்றால் அது மழையைக் கேட்கிறது, அமைதியைக் கேட்கிறது. சாதாரண சனிக்கிழமையில், சம்பா நடவு, பேரன் படிப்பு என்று பேசிக்கொண்டிருக்கும்போது அதைத் திறக்கக் கை வருவதில்லை. வருடத்துக்கு இரண்டு, மூன்று முறைதான் அதற்கு நாள் அமைகிறது. விலையும் ஆர்ட்பெக்கைவிடக் கணிசமாக அதிகம். இருக்கிற 500 மில்லி இன்னும் இரண்டு ஐப்பசிக்கு வரும்.

வரும் என்று சொல்லும்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இரண்டு வருடம் முன்னால் நான் ஒரு பாதி பாட்டிலைத் தகரக் கூரைக்குக் கீழே பரணில் வைத்துவிட்டு, கோடை முழுக்க மறந்துவிட்டேன். அதுவும் படுக்கவைத்திருந்தேன், ஒயின் பாட்டிலை அப்படித்தான் வைப்பார்கள் என்ற நினைப்பில். எடுத்துத் திறந்தபோது கார்க் இற்றுப்போய்ப் பாதி உள்ளே விழுந்தது. விஸ்கியில் மணம் இல்லை, காரம் மட்டும் இருந்தது. விஸ்கி பாட்டிலை நிற்கவைக்க வேண்டும். சாராயம் கார்க்கைத் தின்றுவிடும். வெயில் படாத, வீட்டிலேயே குளிர்ந்த இடம் வேண்டும். பாட்டிலில் பாதிக்கு மேல் காற்று வந்துவிட்டால் மணம் மெல்லக் குறையும். எங்கள் ஊர் வெப்பத்தில் அது இன்னும் வேகமாக நடக்கிறது என்பது என் அனுபவம். அதனால் அண்ணன் இப்போது குறைந்த பாட்டில்களைச் சின்ன பாட்டில்களுக்கு மாற்றி, கழுத்துவரை நிரப்பி, நெல் குதிர் இருந்த அறையில் வைக்கிறார். மெதுவாகக் குடிக்கிறவர்கள் டெல்டாவில் ஒரே நேரத்தில் ஒன்பது பாட்டில் திறந்து வைத்தது தப்பு. இனி நான்குக்கு மேல் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

மிஞ்சியது இரண்டு.

டாலிஸ்கர் 10. ஸ்கை தீவில் கடல் உள்ளே புகுந்த ஒரு நீண்ட கழியின் கரையில் 1830-லிருந்து இருக்கும் ஆலை. 45.8 சதவீதம். ஐலா அளவுக்குப் புகை இல்லை, ஃப்யூஷன் அளவுக்கு ஒளிந்தும் இல்லை. முதலில் பேரிக்காய் இனிப்பு, பிறகு புகை, பிறகு நாக்கின் நுனியில் உப்பு, கடைசியில் மிளகு. அந்த மிளகுதான் இதன் கையெழுத்து. விழுங்கிய பிறகு தொண்டையில் பொங்கலில் கடிபட்ட மிளகைப் போலச் சுறுக்கென்று வெடிக்கும். அண்ணன் வாயில் வைத்த முதல் தடவையே "வேதாரண்யம் உப்பளத்துல காத்து அடிச்சா உதட்டுல ஒட்டுமே, அது" என்றார். புகை பிடிக்காது என்று சொல்கிறவர் விரும்பிக் குடிக்கும் ஸ்காட்லாந்துப் புகை விஸ்கி இது ஒன்றுதான்.

சாப்பாட்டோடு சேருவதும் இதுவே. காரம் தூக்கலான தொட்டுக்கை எந்த விஸ்கியையும் கொன்றுவிடும். மசாலாக் கடலை, சிக்கன் 65 எல்லாம் பக்கத்தில் வரக்கூடாது. ஆனால் உப்பும் மஞ்சளும் மட்டும் தடவிச் சுட்ட மீனோடு டாலிஸ்கர் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். மீன் இனிக்கும். வருடக் கடைசியில் இந்தப் பாட்டிலில் ஐந்து ஊற்றுதான் மிச்சம். மழை வேண்டாம், மௌனம் வேண்டாம், எந்தச் சனிக்கிழமைக்கும் சரிவரும். லாகவுலினைவிட நோட்டில் மூன்று மதிப்பெண் குறைவு. எனக்கு அந்த மூன்று பெரிதாகப் படவில்லை.

கிளென்டிரானக் 12 எங்களுக்குத் தாமதமாக வந்தது. ஐப்பசியில் திறந்தோம், மார்கழிக்குள் பாதி போய்விட்டது. 43 சதவீதம். 1826-ல் தொடங்கிய ஆலை. முழுக்க ஷெர்ரி பீப்பாய், அதில் இரண்டு வகை: இனிப்பில்லாத ஒலொரோசோ, இனிப்பான பெட்ரோ ஹிமெனெஸ். ஸ்பெயினில் ஷெர்ரி ஊறிய மரம் விஸ்கிக்குப் பேரீச்சையையும் உலர் திராட்சையையும் வாதுமையையும் கொடுக்கிறது. 40-ல் இருப்பதைத் தள்ளிவிட்டு 43-ல் இருக்கும் இதை எடுப்பது ஏன் என்று கேட்கலாம். வடிகட்டினாலும் பீப்பாய் போட்ட ருசி கனமானது, காணாமல் போகிற ரகம் இல்லை. திருவையாறு அசோகாவை ஒரு விரல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு இதைக் குடித்தோம். நெய்யும் பாசிப்பருப்பும் இந்தத் திராட்சை வாசமும் சேர்ந்தது, வருடம் முழுக்க நாங்கள் கண்டுபிடித்த ஜோடிகளில் ஆகச் சிறந்தது.

இதைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் உண்டு. தை மாதச் சனிக்கிழமைக்கு மன்னார்குடி நண்பரின் சித்தப்பா வருகிறார். வாழ்நாள் முழுக்க பிராந்தி தவிர வேறு தொடாதவர். தமிழ்நாட்டில் அப்படிப்பட்டவர்கள்தான் அதிகம். இங்கே விற்கிற பிராந்தியும் விஸ்கியும் பெரும்பாலும் ஒரே கரும்புப்பாகுச் சாராயத்திலிருந்து வருகின்றன, வித்தியாசம் வாசனையிலும் நிறத்திலும்தான். ஐரோப்பாவில் பாகுச் சாராயத்தை விஸ்கி என்ற பெயரில் விற்க விடமாட்டார்கள். பார்லியிலிருந்து மட்டும் செய்த மால்ட்டைச் சித்தப்பா இதுவரை குடித்ததேயில்லை. முதல் ஊற்றாக லாகவுலினைக் கொடுத்தால் அவர் மறுபடி வர மாட்டார். ஆர்ட்பெக் பேச்சே வேண்டாம். பிராந்தியின் திராட்சை வாசனை நாக்குக்குப் பழகியவருக்கு ஷெர்ரி பீப்பாய் விஸ்கி சொந்தக்காரர் வீடு மாதிரி. முதலில் கிளென்டிரானக், அரை மணி கழித்து ஃப்யூஷன், அவர் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு டாலிஸ்கர். புகையின் படிகளில் ஒவ்வொன்றாக ஏற்றிவிடலாம்.

உங்கள் கூட்டம் வேறு மாதிரி என்றால் என் முடிவை அப்படியே எடுக்காதீர்கள். தனியாக, மழைக்காலத்தில் மட்டும் குடிப்பவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு லாகவுலின் வாங்குங்கள். நால்வருக்கும் புகை பிடிக்குமென்றால் ஆர்ட்பெக் கொடுக்கிற காசுக்கு மேலேயே தரும். ஐஸும் சோடாவும் இல்லாமல் தொடமாட்டேன் என்பவருக்கு டாலிஸ்கர் சோடாவிலும் நிற்கும், கிளென்டிரானக் நிற்காது. கொலுசுப் பெட்டி மாதிரி அழகான பெட்டியில் வைத்து யாருக்காவது கொடுக்க மட்டும் வேண்டுமென்றால் பால்வெனி போதும், வாங்குகிறவர் முகம் மலரும்.

ஒரு லிட்டர் பாட்டிலா, 700-ஆ என்பதில்தான் கொஞ்சம் தடுமாறினேன். லிட்டர் கணக்குக்கு லாபம். ஆனால் மேலே சொன்ன பரண் கதைக்குப் பிறகு, மெதுவாகக் காலியாகும் பெரிய பாட்டில் எனக்கு வேண்டாம். இரண்டு 700 வாங்கினால் 1,400 மில்லி; அனுமதியில் 600 மில்லி மீதி இருக்கும். 50 மில்லி மினியேச்சர் பாட்டில்கள் விற்கிறார்கள். நால்வர் ஆளுக்குப் பன்னிரண்டு மில்லி பங்கிட்டால் ஒரு மினியேச்சர் ஓர் இரவுக்குச் சரியாக இருக்கும், திறந்து வைத்துக் கெட்டுப்போகிற கவலையும் இல்லை. முழு பாட்டில் வாங்கலாமா என்று பார்க்க அதைவிட நல்ல வழி கிடையாது. 600-க்குள் பன்னிரண்டு அடங்கும், மாதத்துக்கு ஒன்று.

மச்சினனுக்கு நேற்று இரவு அனுப்பிய செய்தி இது: "டாலிஸ்கர் 10, 700 மில்லி ஒன்று. கிளென்டிரானக் 12, 700 மில்லி ஒன்று. இது கிடைக்கலேன்னா ஷெர்ரி பீப்பாய்னு எழுதின வேற 12 வருஷம் எதுவானாலும் சரி. மீதிக்கு 50 மில்லி சின்ன பாட்டில், ஒவ்வொண்ணும் வேற வேற ஆலையா பாத்து, பன்னெண்டுக்கு மேல வேண்டாம். மொத்தம் 2 லிட்டர் தாண்டக்கூடாது. பில்லைப் பத்திரமா வை. பாட்டில் பையில நிமிர்ந்து நிக்கட்டும்."

காலையில் பதில் வந்திருந்தது: "சரி அத்தான். லாஃப்ராய்க் சின்னது ஒண்ணு சேத்துக்கவா?"

சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.